பத்து மணிச் சொட்டு மருந்து

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊதி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எழுந்து நிற்கும்போதெல்லாம் இதே கதைதான். சபை முழுவதும் அந்தக் கண்ணாடியைப் பார்த்து முடித்தால்தான் அவருக்குத் திருப்தி. வசனங்களைத் தலையணை அளவு எழுத்தில் காட்டும் திரை ஒன்று சுவரில் வந்து மூன்று வருடமாகிறது. அவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

தொழில் தையல். சபையில் பேர் கண்ணாடி அண்ணன். புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்து, பிரமாதம் என்று கிளம்புகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "இடது தோள்ல அரை விரல் தப்பா வெட்டிட்டேன். உள்ள மடிச்சுத் தைச்சிருக்கேன். வெளிய தெரியாது. ஆனா இருக்கு." சந்தோஷமாக வந்தவர் தோளைத் தடவிக்கொண்டே போவார். "உங்களை யாராவது கேட்டாங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார். ஜெபக் கூட்டத்துக்கு வராதவர்கள் தலைவலி, விருந்தாளி என்று இழுக்கும்போது, இவர் மட்டும் "தூங்கிட்டேன்" என்பார்.

எப்போதும் இப்படி இருந்தவரில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் சபை தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் காதில் விழாது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பெஞ்சு போதாமல் பாதிப் பேர் தரையில் இருப்பார்கள். பாடினால் தகரமும் கூடச் சேர்ந்து அதிரும். அத்தனை நெருக்கமாக இருந்த ஜனங்களிடம்தான் அண்ணன் பொய் சொன்னார்.

வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அவர் கண்ணைத் தொட்டு ஜெபித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அண்ணன் கடகடவென்று வாசித்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே மனப்பாடமான பாட்டு அது என்பது அந்த நேரத்தில் அவருக்கே உறைக்கவில்லை. அல்லேலூயா சத்தத்தில் கூரை கிடுகிடுத்தது. மனைவி விம்மி அழுதார். வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்துப் பார்த்தால் அதன் காதைக் காணோம்.

காலையில் சரியாகிவிடும் என்று படுத்தார். ஆகவில்லை. ஆண்டவர் பேருக்கு இழுக்கு வந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டார். தன் பேரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு முன்னால் போய் நின்று, கண் குணமாகிவிட்டதென்று சாட்சியும் சொன்னார். சனிக்கிழமைதோறும் மனைவி வேதபாடத்தை வாசிக்க, இவர் உருப்போடுவார். மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பார். கடைக்குக் கிளம்புமுன் இருபது ஊசியில் நூல் கோத்துத் தருவதும் மனைவிதான். ஏழு வாரம் ஓடியது. பக்கம் புரட்ட மறந்தது ஒரே ஒரு தடவை.

எட்டாவது சனிக்கிழமை, சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் அக்கா கடைக்கு வந்தார். அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம். தினமும் காலை பத்து மணிக்குச் சொட்டு மருந்து போட்டே ஆகவேண்டும். இல்லையென்றால் பார்வை போய்விடும்.

"நானும் மருந்தை நிறுத்திட்டேன் தம்பி. ஒரு மாசமாச்சு. உன் கண்ணைத் தொட்டவரு என் கண்ணை மறந்துடுவாரா?"

துணியில் பாதி போன கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "அக்கா, எனக்குச் சரியாகவே இல்ல. நான் சொன்னது பொய். இப்பவே போய் மருந்து போடுங்க."

அக்கா சிரித்தார். "என் விசுவாசத்தைச் சோதிச்சுப் பாக்குறியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தனியாகச் சொன்ன உண்மை எடுபடவில்லை. மறுநாள், மெஷின் டிராயரில் ஒளித்து வைத்திருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றார்.

"ஏழு வாரமா நான் வாசிக்கல. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். என் கண்ணு பழையபடிதான் இருக்கு. ஆண்டவர் மேல தப்பில்ல, என் மேலதான். அக்கா, தயவுபண்ணி மருந்து போடுங்க."

பின் வரிசையில் யாரோ, "இதை வெளிய சொல்லணுமா?" என்று முணுமுணுத்தார். அக்கா அன்றைக்கே மருந்தைத் தொடங்கினார். ஆனாலும் இடது கண்ணின் ஓரப் பார்வை போனது போனதுதான்.

வாசிப்பதிலிருந்து அண்ணன் தானாகவே விலகிக்கொண்டார். ஒரு வருடம் கழித்து, இனி யார் வாசிப்பது என்று போதகர் சபையைக் கேட்டபோது அக்காதான் எழுந்தார். "தம்பியே வாசிக்கட்டும். இனிமே அவன் வாசிச்சா, அது புத்தகத்துல இருக்குன்னு நான் நம்புவேன்."

தகரம் போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. பாட்டுக்குச் சேர்ந்து அதிர இப்போது எதுவும் இல்லை. மணி பத்து. துடைத்த கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வசனத்தில் ஒரு விரலை ஊன்றியபடி அண்ணன் நிற்கிறார். புதிதாக வந்திருக்கும் போதகர் ஒருமுறை கனைத்துப் பார்க்கிறார். அண்ணன் அசையவில்லை. ஆர்மோனியத்துக்குப் பின்னால் அக்கா தலையை அண்ணாந்து, வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, மருந்துப் புட்டியை உயர்த்திக் காட்டுகிறார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்.