வீட்டு பஸ்ஸுக்கு எவ்வளவு காற்று?

இன்று முருங்கன் டயர்க் கடையில் எங்கள் பழைய வான் வண்டியின் முன் சில்லுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு நிற்க, ஒரு வீடு வந்து நின்றது. பெரிய பஸ். உள்ளே கட்டில், குசினி, யன்னலில் பூப்போட்ட திரைச்சீலை.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வானில் பின்கதவே கயிற்றில்தான் நிற்கிறது.

கடைக்காரர் பஸ் டயரில் போட்டிருந்த காற்று அளவை வாசித்து, "இவ்வளவும் அடிக்கட்டோ?" என்றார்.

பஸ் ஓட்டி வந்தவர் மனைவியைப் பார்த்தார். "நீர் சொல்லும், எவ்வளவு போடுவம்?"

"அது ஆகக் கூடின அளவப்பா. எங்கட பாரத்தை நிறுத்தாத்தான் சரியா எவ்வளவு எண்டு தெரியும். தண்ணித் தாங்கியும் நிரம்பிக் கிடக்கு."

"அப்ப நிறுத்துப்போட்டு வருவம்."

அவ்வளவுதான். நெல் மில்லில் லொறி நிறுக்கும் தராசுக்கு வீட்டோடு போனார்கள்.

பஸ்ஸை விட்டுவிட்டேன். இப்போது அவளைப் பார்த்துத்தான் எரிந்தது.

"இஞ்சேருங்கோ, எங்கட பின் சில்லு இறங்கின மாதிரிக் கிடக்கு. அளந்து பாப்பமோ?" என்றேன்.

என் மனுசன் டயரை ஓர் உதை உதைத்தார். "காணும், இது போதும்."

மன்னார்ப் பாலத்தடியில் அதே சில்லு படுத்துவிட்டது. அவர் ஜாக்கியோடு மல்லுக்கட்ட, பின்னால் வந்த வீட்டு பஸ் நின்றது. அவள் யன்னலால் எட்டிப் பார்த்து அன்பாகத்தான் கேட்டாள்.

"எவ்வளவு காத்து வச்சிருந்தனீங்கள்?"

மனுசன் கடலைப் பார்த்தார்.

"ஒரு உதை" என்றேன் நான்.

உங்கள் வீட்டில் எத்தனை உதை?