தூணைச் சுற்றிய கோடுகள்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முகத்துவாரத்துத் தூணருகே மீன்பிடிக்கும் பாடு எங்கள் வீட்டுக்கு வந்தது.
2. வலையை எங்கே கட்டுவது என்று நான் என் அப்பா, நைனாவிடம் சொன்னேன்.
3. அவர் என் பேச்சைக் கேட்டார்.
4. வலை கயிறாகத் திரும்பி வந்தது.

பாடு என்றால் முறை. எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு தடவை, ஏரி நீர் கடலுக்கு இறங்கும் நேரம் மட்டும். விட்டுவிட்டால் மற்ற எல்லா வீடுகளும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வலை கட்டும் முளையை ஊன்றிய பிறகு, கடல் நீர் உள்ளே திரும்பும்வரை பிடுங்கக் கூடாது. எங்களிடம் இருந்தது ஒரே இறால் வலை.

தூண் டச்சுக்காரர் காலத்துச் செங்கல். நாலு பேர் கைகோத்தால் கட்டிப்பிடிக்கலாம். நைனா எப்போதும் அதன் பக்கவாட்டில், ஒட்டியே கட்டுவார். அங்கே இழுப்பு அதிகம். பழைய வலை இந்தத் தடவை தாங்காது என்று பயந்தார்.

நான் அப்போதுதான் பொறியியல் கல்லூரியில் நீரோட்டக் கணக்கான பாய்ம இயக்கவியல் படித்திருந்தேன். நோட்டில் ஒரு வட்டம், மேலிருந்து பார்த்த தூண் மாதிரி. நீர் ஓடும் கோடுகள் இணையாக வந்து, வட்டத்துக்கு வழிவிட்டு, பின்னால் மறுபடி சேரும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. எந்த நீரும் கோட்டைத் தாண்டாது; இரண்டு கோடுகளின் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசமே அவற்றுக்கு நடுவே ஓடும் நீரின் அளவு. கோடுகள் நெருங்கினால் நீர் விரையும். வட்டத்தின் பக்கவாட்டில் வேகம் இரு மடங்கு. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் நீர் நின்றுவிடும். தூணுக்குப் பின்னால் கட்டினால் வலைக்கு நோகாது, பிரிந்த நீரும் இறாலும் அங்கேதான் வந்து சேரும் என்றேன்.

தூணுக்குப் பின்னால் முளை ஊன்றிய பிறகு, படகில் இருந்தபடி தூணுக்கு முன்னால், நீர் வரும் பக்கத்தில் உமியைத் தூவினேன். உமி வரிவரியாக வந்தது. தூணை நெருங்கியதும் வரிகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்தன, பக்கவாட்டில் நெருங்கி ஓடின. ஒரே ஓர் உமி தூணின் நட்டநடுவுக்கு வந்து, மெதுவாகி, செங்கல்லுக்கு விரல்கடை முன்னால் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடுதி மேசையில் நான் பென்சிலால் வரைந்ததை ஏரி எத்தனை காலமாக வரைந்துகொண்டிருக்கிறது.

பிறகு பின்னால் பார்த்தேன். கோடுகள் சேரவில்லை. இடப்பக்கம் ஒரு சுழல், வலப்பக்கம் ஒரு சுழல், மாறி மாறிக் கழன்று போயின. நடுவில் எங்கள் வலை முறுக்கிக்கொண்டிருந்தது. நோட்டின் நீருக்குப் பிசுபிசுப்பு கிடையாது; அந்தப் பாடத்தின் முதல் வரியே அதுதான். எழுதிக்கொண்டேன்; தூணில் ஒட்டி உராயும் நிஜ நீர் பின்னால் சுழலும் என்று யோசிக்கவில்லை.

அடுத்த படகில் இருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, பொண்ணு காலேஜ்ல கயிறு திரிக்கத்தான் கத்துக்கினு வந்துச்சா?"

நீர் திரும்பும்வரை நைனா வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கிய வலையைப் படகில் ஏற்றிய பிறகுதான் பேசினார்.

"முன்னாடி நீ சொன்னாப்லதான் வந்துச்சு. நானும் பாத்தேன். உமி மிச்சம் இருக்கா?"

இருந்ததைக் கொடுத்தேன். இம்முறை, கடலிலிருந்து ஏறும் நீரில், தூணின் பக்கவாட்டில் அவரே தூவினார். தூணை விட்டுத் தள்ளிப் போகப் போக வரிகள் விலகின, ஓட்டமும் தணிந்தது. இருவரும் வெகுநேரம் பார்த்தோம்.

வலையைப் பிரித்துத் தைத்தாகிவிட்டது. எங்கள் பாடு மறுபடி வர இன்னும் ஒன்பது வீடுகள் இருக்கின்றன. முளையைப் பக்கவாட்டில், தூணை விட்டு மூன்று முழம் தள்ளி ஊன்றுவதாக நைனா சொல்லியிருக்கிறார்.