பாய்மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அம்பு

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசர் குமுதா. வாரம் முழுக்க லோரிக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொமியூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, நண்பன் சுகுமாறன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சத்தமே போடாத ஒரு திருடியாக மாறிவிடுவாள். கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. ஆளுக்கொரு பாத்திரம். நடப்பதைச் சுகுமாறன் விவரிப்பான்; என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள்; பலித்ததா இல்லையா என்பது பகடையின் கையில்.

குமுதாவின் பாத்திரம் நிழலி என்ற வில்லேந்திய திருடி. நேருக்கு நேர் நின்றால் ஓர் அடிக்குத் தாங்கமாட்டாள். எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து எய்தால் மட்டும் அந்த அம்புக்குப் பல மடங்கு வலு. விதிப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. சுகுமாறன்தான் விடவில்லை. பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தால் நிழல் தெரிகிறது என்பான். கூரைமேல் ஏறினால் ஓடு சரியும். பகடையில் எவ்வளவு பெரிய எண் விழுந்தாலும் காவலாளி எப்படியோ திரும்பிப் பார்த்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் லோகனின் போர்வீரன் கோடாலியைச் சுழற்றினால் மட்டும் ஒரு கேள்வி கிடையாது.

அன்று கடற்கொள்ளைத் தலைவனின் கப்பலில் சண்டை. குமுதா எய்த முதல் அம்பு குறி தவறிப்போனது. உடனே இடம் மாறி, மறுபடி ஒளிந்து, பகடையும் நன்றாக விழ, அடுத்த அம்பைத் தொடுத்தாள்.

"அவன் ஒன்ன பாத்துட்டான்" என்றான் சுகுமாறன்.

"எப்படி பாத்தான்?"

"அவனுக்கு ஒரு ஃபீலிங் வந்துச்சு."

"ஃபீலிங்கா? ஒரே பனிமூட்டம்னு சொன்னது நீதான? வெளக்க அணைச்சாச்சு. லோகன் அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கிறான். நான் பாய்மரத்துக்குப் பின்னால மூச்சுவிடாம ஒக்காந்திருக்கேன்!"

"ஏற்கனவே ஒரு அம்பு விட்டுட்ட லா. எங்க இருக்கன்னு அவனுக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் எடம் மாறுனேன். ஒளிஞ்சிட்டன்னு நீயே சொன்ன!"

லோகன் வறுத்த கடலையை மென்றபடி, "அவ சொல்றது சரி லா, சுகு. விட்டுடு" என்றான்.

சுகுமாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரி. எய்."

குமுதா பகடையை உருட்டினாள். அம்பு கழுத்தில் பாய்ந்தது. தலைவன் ஒரு வார்த்தை பேசாமல் கடலில் விழுந்து செத்தான். லோகன் கைதட்டினான். சுகுமாறன் தன் குறிப்பு நோட்டை மூடினான்.

"நிழலியோட அப்பாவ யாரு கொன்னதுன்னு அந்தத் தலைவனுக்கு மட்டுந்தான் தெரியும். இன்னிக்கி அவன் சொல்லணும். ஒனக்காகத்தான் யோசிச்சு வச்சிருந்தேன்" என்றான் மெதுவாக.

குமுதாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வந்தது. "அத மொதல்லயே சொன்னா என்ன? கால்ல எய்திருப்பேன்ல! இத்தன நாளா கண்ணு தெரியுது, காது கேக்குதுன்னு என்ன ஏன் முட்டாளாக்குன?"

சுகுமாறன் பகடைகளைப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டான்.

அடுத்த ஞாயிறு அவளை எந்த எதிரியும் கண்டுபிடிக்கவில்லை. எய்த அம்பெல்லாம் பட்டது. வந்தவர்கள் வாய் திறக்காமல் செத்தார்கள். சுகுமாறன் விவரிப்பதை விட்டுவிட்டு எண்களை மட்டும் சொன்னான்.

"இவனுங்க யாரு? எதுக்கு நம்மள அடிக்க வரானுங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. செத்துட்டானுங்கல்ல."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆட்டம்தான் சப்பென்று போயிற்று. குமுதா பகடையை அவன் பக்கம் தள்ளினாள்.

"கோவம்னா திட்டு சுகு. இப்படி வெளையாடாத."

சுகுமாறன் திட்டினான். அவளும் விடவில்லை. இருட்டும் வரை இருவரும் மல்லுக்கட்ட, லோகன் சோபாவில் தூங்கிப்போனான். முக்கியமான ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது, ஒளிந்தவளை ஒளிந்தவளாகவே விடுவது என்று ஒருவழியாக முடிவானது. "நாப்பது வாட்டி கத்துனாத்தான் ஒனக்கு ஏறுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள் குமுதா. தொண்டை கட்டியிருந்தது. காலையில் கிடங்கில் லோரிகள் வந்து நிற்கும்.