புளிக்குழம்பு மணக்கும் மவுஸ்

வீட்டிலிருந்தே வேலை. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அலுவலகச் செயலியில் என் பெயரருகே இருக்கும் பச்சைப் புள்ளி அணைந்துவிடும். உடனே மேலாளர் கேட்பார். அதனால் சாப்பாடும் கணினி முன்னால்தான்.

இன்று தோழிகளின் அரட்டைக் குழுவில் ஒருத்தி, பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் பழைய பிரவுசர் விளையாட்டின் இணைப்பைப் போட்டிருந்தாள். "ஏட்டி, இது ஞாபகம் இருக்கா?" சோற்றுக் கையாலேயே அழுத்தினேன். மவுஸில் புளிக்குழம்பு மணத்தது.

பள்ளியில் படிக்கும்போதும் எங்கள் தச்சநல்லூர் வீட்டு மவுஸ் இப்படித்தான் மணக்கும். பரீட்சை வந்தால் அப்பா அதைக் கழற்றி, வயரைச் சுருட்டி, டிபன் கேரியரோடு பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுவார். குழம்பு ஒழுகாத நாளே கிடையாது.

"இனி எப்படி வெளையாடுதன்னு பாக்கேன். உக்காந்து படிட்டி."

விசைப்பலகையை வைத்தே எப்படியோ விளையாட்டைத் திறந்துவிடுவேன். கதவு, கட்டில், கட்டிலடியில் சாவி எல்லாம் தெரியும். ஒன்றையும் தொட முடியாது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அந்த அறையைப் பார்த்தபடியே இருப்பேன்.

ஓய்வுபெற்றுவிட்ட அப்பா இப்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ அங்கன போயி நிம்மதியா சாப்பிடுட்டி. நான் இத ஆட்டிக்கிட்டு இருக்கேன்."

தட்டோடு எழுந்தேன். அடுக்களை வாசலில் நின்று திரும்பினேன். அப்பா மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டு, பச்சைப் புள்ளியையே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.