தனசேகர் நிறுத்திய இடம்

போன ஞாயிறு ஆவடியில் ஓர் இரங்கல் கூட்டம். போயிருந்தேன். அங்கே எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறந்தவர் நாகராஜ், பருத்திப்பட்டுக்காரர். ஃபேக்டரி வேலை போக, ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகர். பூந்தமல்லி வரை எந்தக் கோயில் திருவிழாவுக்கும் அவர் குழுதான். இரண்டு பாட்டுக்கு நடுவே ஜோக் சொல்கிறவர் தனசேகர். இருவருக்கும் ஒரே ஃபேக்டரி... அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ்.

தனசேகருக்கு நகைச்சுவை கற்றுக்கொடுத்தது பாட்டுதான். நாகராஜ் ஒத்திகை பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ராகத்தை விட்டுவிட்டு வரிகளை மட்டும் கவனிப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்:

“பாட்டு எழுதறவன் கில்லாடி சார். மெயின் வார்த்தைய கடைசி வரைக்கும் கையிலியே வெச்சிகினு கீறான். நாம வாயப் பொளந்துகினு நிப்போம்... அப்ப டபக்குனு போடுவான். நானும் அத்தத்தான் செய்றேன்.”

கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவார். தலையைக் குனிவார். போகப் போக, எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அந்தச் சொல்லே தேவைப்படவில்லை — அவர் நிறுத்தினாலே சிரித்தார்கள். ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று இதே பத்திரிகையில் நானே எழுதியிருக்கிறேன்.

இன்றைக்கு ஜோக் கிடையாது, நண்பனைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிறு காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார் தனசேகர். மைக்கைப் பிடித்தார்.

“நாகராஜ் எப்ப என் ஊட்டுக்கு வந்தாலும் சாப்ட்டுட்டுத்தான் போவான். தொண்டையில கட்டி வந்தப்புறமும் வந்தான். சோறு போட்டேன். ஒரு வாய் எடுத்தான். எடுத்து...”

குரல் அடைத்துவிட்டது. தலை குனிந்தது.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. தனசேகர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்கு இன்னும் பலமான சிரிப்பு! எப்படிப் புரியவைப்பது? வழக்கமாகச் சிரிப்புக்காக நிறுத்துகிற இடத்தில்தானே அழுகையும் வந்து நின்றது? முன்வரிசையில் நாகராஜின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேச்சை முடிக்காமலே கீழே இறங்கிவிட்டார் தனசேகர்.

வாசலில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இன்னா டைமிங் அண்ணாத்தே! இரங்கல் கூட்டத்தையே சிரிக்க வெச்சிட்டியே!”

பஸ் ஸ்டாப் வரைக்கும் தனசேகரோடு நடந்தேன். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “முழுங்க முடியாம, எடுத்த சோத்த தட்டுலயே வெச்சிட்டான் சார். அத்த சொல்லத்தான் ஏறினேன். இனிமே யாராண்ட சொல்றது?”

சிரிக்க வைப்பவருக்குக் கைதட்டுகிறோம், மாலை போடுகிறோம்... அழ மட்டும் விடுவதில்லை.