ஓர் அடியை விழுங்கிய பாட்டு

மணிலாவுக்கு வடமேற்கே இருக்கும் எங்கள் துறைமுக ஊர் ஒலங்காப்போவில் லிதா மங்குபாத்தைத் தெரியாது என்று எவனாவது சொன்னால், அவன் நேற்றுதான் பேருந்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதே முன்வரிசை பெஞ்சில் விரலால் தாளம் போட்டு முறைப்பு வாங்கியவள் அவள். முறைத்தால் நிறுத்திவிடுவாளா என்ன? இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள்.

அவள் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததே ஒரு முடிவெட்டால்தான். ராணுவச் சட்டம் வந்த புதிது. நீள முடி வைத்த பையன்களைத் தெருவில் மறித்துப் போலீஸ்காரர்களே கத்தரி போட்டார்கள். அவளுடைய அண்ணன் கானி நடத்திய ராக் குழுவுக்கு 'கலாவாங்' என்று பெயர். துரு என்று அர்த்தம். வேறு எவன் தன் குழுவுக்கு இப்படிப் பெயர் வைப்பான்? அதில் டிரம்ஸ் வாசித்த ரூஃபோவின் தலை அன்றைக்கு மாட்டிக்கொண்டது. இந்தக் கோலத்தோடு மேடை ஏற மாட்டேன் என்று அவன் போர்வைக்குள் புகுந்துவிட்டான். மேடைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த லிதா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"குயா, நான் வாசிக்கிறேன்." அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நீயா? பொம்பளப்புள்ள காலை அகட்டி உக்காந்து அடிப்பியா? அம்மா என் தோலை உரிச்சிடுவாங்க."

"உன் தோலுக்கு நான் பொறுப்பு. நகரு."

அன்று உட்கார்ந்தவள்தான். ரூஃபோவுக்கு முடி வளர்ந்த பிறகும் அந்த இருக்கை காலியாகவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் குழுக்களுக்கு ஒரே வேதம், 'ப்ளகாதோ'. இசைத்தட்டில் எப்படி இருக்கிறதோ அச்சு அசலாக அப்படியே வாசிக்க வேண்டும். பாடுகிறவன் இருமியிருந்தால் நாமும் இரும வேண்டும். எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில் கப்பலிலிருந்து இறங்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொந்த ஊரில் இருப்பதுபோல் இருக்க வேண்டுமாம். சொந்தச் சரக்கு கொஞ்சம் சேர்த்தால் கிளப் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் கானி ஒரு புதுத் தட்டு கொண்டுவந்தான். வழியில் ஜீப்னி என்ற எங்கள் குட்டிப் பேருந்தில் மீன்கூடைக்கு அடியில் நசுங்கியதில் அதன் மேல் ஒரு கீறல். இரண்டாவது சரணத்தில் ஊசி அந்தக் கீறலில் தாவி, ஒரு தாள அடியை விழுங்கிவிட்டு அடுத்த அடியில் போய் உட்காரும். குழுவில் இருந்த நால்வரில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? இல்லையே! வெள்ளைக்காரன் எதையோ நுணுக்கமாகச் செய்திருக்கிறான் என்று வாய்பிளந்து கேட்டு, அந்தத் தாவலையும் சேர்த்தே பாடம் பண்ணினார்கள்.

மேடையில் அந்த இடம் வந்தது. நால்வரும் கச்சிதமாகத் தாவினார்கள். ஆடிக்கொண்டிருந்த சிப்பாய்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்து, பிறகு கிளப்பே அதிரச் சிரித்தார்கள். டிரம்ஸ்காரிக்குக் கால் சுளுக்கு என்று ஒருவன் கத்தினான். முதலாளியம்மா அலிங் ஓசாங் மேடைக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டி, நான் கூப்பிட்டது ராக் குழுவையா, நொண்டிக் குதிரையையா?"

லிதாவுக்குக் காது வரை எரிந்தது. அவமானம்தான், பின்னே? மறுநாள் அதே பாட்டை வேறொரு தட்டில் கேட்டபோது விஷயம் வெளிச்சமாயிற்று. கானி தலையில் அடித்துக்கொண்டு, உடனே திருத்திவிடலாம் என்றான்.

"திருத்த மாட்டேன்" என்றாள் லிதா.

"பைத்தியமா உனக்கு?"

"இத்தனை நாளா எவனோ எந்த ஊர்லயோ அடிச்ச அடியத்தானே குயா நான் அடிச்சுக்கிட்டு இருக்கேன்? இது ஒண்ணுதான் எவனும் சொல்லிக்குடுக்காதது. இது எனக்கு வேணும்."

அன்று மாலையும் அதே இடத்தில் அதே தாவல். இந்த முறை அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். வாரம் திரும்புவதற்குள் சிப்பாய்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து, எல்லோரும் ஒன்றாகக் குதிக்க ஆரம்பித்தார்கள். அலிங் ஓசாங் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு கானி எங்கள் பாஷையிலேயே பாட்டு எழுதினான். மழை, தகரக் கூரை, கப்பல் துறையில் வேலை செய்து முதுகு வளைந்த அப்பா எல்லாம் அதில் இருந்தார்கள். ஆல்பத்துக்கு 'யேரோ' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீடுகளின் மேல் இருக்கும் தகரம்தான் யேரோ. அதே பெயரில் இருந்த முதல் பாட்டில், இரண்டாவது சரணத்தில், லிதா தன் தாவலைக் கொண்டுபோய் வைத்தாள்.

மணிலாவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் செவில்யா நல்ல மனிதர்தான், ஆனால் அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கிவிட்டார்.

"லிதா, இதை எடுத்துடும்மா. தட்டுல கீறல்னு நெனச்சு ஜனங்க கடையில திருப்பிக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும்."

"உன்னால முடியலைன்னா சொல்லு, நல்ல டிரம்ஸ்காரரா ஒருத்தரைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க. அவர் எங்க உக்காருவார்? நான் எந்திரிக்கப் போறதில்லையே."

கானி அவள் காதோரம் குனிந்தான். "விட்டுக்குடுடி. இது நம்ம மொத ஆல்பம். அடுத்ததுல பாத்துக்கலாம்."

"அந்த ஒரு அடியில மட்டும்தான் குயா நான் இருக்கேன். அதை எடுத்துட்டா இந்த ஆல்பத்துல நான் இல்லை. நீ வேணும்னா ரூஃபோவைக் கூட்டிட்டு வா."

கானி செவில்யா பக்கம் திரும்பி, "அவ சொல்றபடிதான் சார்" என்றான். மனிதர் பெருமூச்சு விட்டுப் பதிவு விசையை அழுத்தினார்.

செவில்யா சொன்னது பலித்தது! ஊர் ஊராகத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் கடைத்தெருக் கடைக்காரர் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், 'கீறல் இல்லை. பாட்டே அப்படித்தான்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அதைப் படித்தவர்கள் என்னதான் அது என்று வாங்கிப் போனார்கள். அப்படியே பரவியது. ஜீப்னி ஓட்டுநர்கள் அந்த இடத்தில் பிரேக்கைத் தட்டிவிட்டுப் பயணிகளிடம் திட்டு வாங்கினார்கள். ஊர்வலம் போன மாணவர்கள் அந்த இடத்தில் ஒரே சமயத்தில் தரையை உதைத்தார்கள். எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டி எங்கள் கூரைகள் இடிந்தபோது, மிச்சக் கூரைகளின் மேல் ஏறிச் சாம்பலை வாரியவர்கள் பாடியதும் அதையேதான். தகரத்தின் மேல் நின்றுகொண்டு எப்படித் தாவினார்கள் என்று கேட்காதீர்கள், தாவினார்கள்.

கானி பிழைப்புக்கு ஒசாகா போய், அங்கேயே மாரடைப்பில் இறந்தான். கடற்படைத் தளம் மூடியது, கிளப்புகளும் மூடின. லிதா சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டாள். அவள் இறைச்சி கொத்தும் சத்தத்தைக் கேட்டால், வாசலில் நிற்கிற எங்களுக்கு இரண்டாவது சரணம் வந்துவிட்டது என்று தெரியும்.

'யேரோ'வை மறுபடி வெளியிடப் போகிறோம் என்று அவளுக்குப் போன் வந்தபோது அவளுக்கு முடி நரைத்திருந்தது. பேசியவன் இசைத்தட்டுக் கம்பெனியின் இளம் மேலாளர் டெனிசியோ.

"பழைய பதிவுல ஒரு சின்னப் பழுது இருந்துச்சு மேடம். ஒரு பீட் காணாமப் போயிருந்துது. கம்ப்யூட்டர்ல சேர்த்து சரி பண்ணிட்டோம். சந்தோஷம்தானே?"

லிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "தம்பி, அது காணாமப் போகலை. நான் எடுத்தேன். அதைத் திருப்பி எடு."

"அச்சாயிடுச்சு மேடம். இப்ப கேட்டா சுத்தமா இருக்கு. ஞாயித்துக்கிழமை கடற்கரையில வெளியீட்டு விழா, நீங்கதான் சிறப்பு விருந்தினர்."

"சுத்தமாவா?" என்றாள். "வர்றேன்."

ஞாயிறு மாலை, நல்ல வெயில். ஊரே திரண்டுவந்திருந்தது. பழைய கப்பல்துறைத் தொழிலாளிகள், ஜீப்னிக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேத்திகள். கம்பெனி கூட்டிவந்த இளம் குழு புதுப் பதிவைக் கேட்டு, எல்லாம் ப்ளகாதோ, அச்சு அசலாக வாசித்தது. லிதா மேடைக்கு முன் போட்ட நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர்க்காரர்களும் அந்தக் கம்ப்யூட்டர் பாட்டுக்கே தலையாட்டிவிட்டால்? அதுதான் தன் பயமாக இருந்தது என்று பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள்.

இரண்டாவது சரணம் வந்தது.

கடற்கரை மொத்தமும் தாவியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, சைகை காட்டவில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் ஒன்றாக மணலில் இறங்கின, அத்தனை வாய்களும் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டன. மேடைக் குழு ஓர் அடி பின்னால் தவித்தது. டிரம்ஸ் தடுமாறியது, கிடார் நின்றது, பாடியவன் வாயைத் திறந்தபடியே நின்றான். ஊர் மட்டும் நிறுத்தவில்லை. வாத்தியம் இல்லாமலே, காலால் உதைத்து உதைத்து, கடைசி வரி வரை பாடியது.

லிதாவின் கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, மேடை ஓரத்தில் வெளிறிப்போய் நின்ற டெனிசியோவிடம் போனாள். பின்னால் இருந்த கூட்டத்தைக் கட்டைவிரலால் காட்டினாள்.

"இவங்களையும் கம்ப்யூட்டர்ல போட்டு சரி பண்ணு பாப்போம்."