வெடிப்புக்குள் பச்சை

மடவளை பஸ்ஸின் கொண்டக்டர் கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, படியில் நின்றபடியே சொன்னார்.

"மாஸ்டர், ஹனிபா நானா மௌத்தாப் போயிட்டார். முந்தாநாள். மூணு நாள் காய்ச்சல்தான்."

அடக்கம் முடிந்திருந்தது. பஸ் புறப்பட்டுவிட்டது. அடுத்தது சரித்திரப் பாடம். நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதும் வரும் தகரக் கொட்டகைதான் அவருடைய கராஜ். அங்கே கார் கொண்டுபோனவர்களுக்கும், கார் இல்லாமலே போய் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நண்பர் என்று சொல்லலாம். அவர் அந்தச் சொல்லைப் பாவித்ததில்லை. "இவர் வேலையில்லாத மாஸ்டர்" என்றுதான் பிறருக்கு அறிமுகம் செய்வார்.

ஒருமுறை கண்டிக் கோர்ட்டில் பெயர்பெற்ற ஒரு புரொக்டர் வந்து, எஞ்சினில் ஏதோ உருளுகிறது, கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். நானா எஞ்சினைத் திறக்கவில்லை. பின் ஆசனத்துக்குக் கீழே கையை விட்டு ஒரு வெறும் சோடாப் போத்தலை எடுத்தார். "எஞ்சினுக்கு நோய் இல்ல ஐயா. இந்தா, வருத்தக்காரன்." புரொக்டர் சிரிக்கவில்லை. நானாவும் சிரிக்கவில்லை. போத்தலைத் துடைத்து மரியாதையாகக் கையில் கொடுத்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

என் அப்பா ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவர். அந்தத் தோட்டத்துத் துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிய இன்னொரு துரையிடம் வாங்கி, புதிதாகப் பச்சை அடித்திருந்தார். அதன் பிறகு வேலைக்கு வந்த சாரதி முத்தையா. துரையைத் தவிர ஆளோ சாமானோ அதில் ஏறக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் துரை இல்லாமல் கார் கண்டிக்கு இறங்கும் நாட்களில், பின்புறம் மாட்டியிருந்த உபரிச் சில்லின், மாற்றுச் சக்கரத்தின், மேல் தோட்டத்துப் பலாப்பழங்கள் கட்டப்பட்டு இறங்கும். வரும்போது அரிசி ஏறும். துரையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

விடுமுறை முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய நாள், அங்கே கட்டப்பட்டது என் தகரப் பெட்டி.

"வாத்தியாரய்யா, பலாப்பழம்னா பரவால்லீங்க. இது ரொம்பக் கனக்குதே."

"காகிதம்தானே" என்றேன்.

குண்டசாலை தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தோம். சில்லைத் தாங்கும் இரும்பு வெடித்து, சில்லு ஒரு பக்கமாகத் தொங்கியது. அன்று மாலை நாலு மணி ரயிலில் துரை கொழும்பிலிருந்து வருகிறார். முத்தையாவின் வேலை போனால் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதோடு லயத்து அறையும் போகும். அந்த அறையில் அவர் மனைவி, தாய், மூன்று பிள்ளைகள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரை வந்தேன்.

நானா கழற்றும்போதே இரும்பு இரண்டாகிவிட்டது. மண்ணெண்ணெயால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒட்டிப் பச்சையப் பூசிருங்க நானா" என்றார் முத்தையா. "தொரைக்குத் தெரியாது."

"வார்ப்பிரும்பு இது. சூடாக்கி, ஒட்டி, சாம்பலுக்குள்ள போட்டு விடியும்வரை ஆற வைக்கோணும். அவசரப்பட்டா திரும்ப வெடிக்கும். தெல்தெனிய வளைவுல சில்லு கழண்டு எவன்ட தலைலயாவது விழும்."

அரத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைத்தார்.

"இதுல நான் இப்ப அரம் போட மாட்டன். தொரை பாக்கட்டும். பொறகு."

ஒட்டுவதற்கு முன் உடைந்த முகத்தை அராவிப் பள்ளமாக்க வேண்டும். அராவினால் அந்த முகத்தில் இருப்பது போய்விடும். எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பாதி கற்கண்டை உடைத்தாற்போல் பளபளத்தது. மறுபாதி கறுத்து, துருவேறி, அதற்குள் மெல்லிய பச்சைக் கோடு.

"பெயின்ட் உள்ளுக்கு எறங்கி ஈக்கு, பாருங்க. பச்சை அடிக்க முந்தியே வெடிச்சது."

முத்தையாவின் முகம் மலர்ந்தது. "நான் வந்ததே பச்ச அடிச்சப் பொறகுதானே!"

"அது பாதி. மத்தப் பாதி இண்டைக்கு வெடிச்சது."

"முழுசும் பழசுன்னு சொல்லிருங்களேன் நானா. தொரை என்னா இரும்புக் கடையா வச்சிருக்காரு?"

நானும் அதையே சொன்னேன், இன்னும் கொஞ்சம் திருத்தமான தமிழில்.

"கண்ணுள்ள ஆளுக்குத் தெரியும் மாஸ்டர். ஒரு பொய்யைக் கண்டுட்டா, அவர் இந்தப் பச்சையையும் நம்ப மாட்டார். போங்க முத்தையா, ரயிலடிக்குப் போய்த் தொரையக் கூட்டிட்டு வாங்க."

துரை வந்தார். நானா இரு துண்டுகளையும் பலகையில் வைத்து, அதே சொற்களில் சொன்னார். துரை நகத்தால் பச்சையைச் சுரண்டினார். வெகுநேரம் பார்த்தார். தோட்டத்துத் தமிழில் கேட்டார்:

"பாதி பழசு. சரி. மத்த பாதி ஆரு?"

முத்தையா தரையைப் பார்த்தார். அவர் என்னைச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நானா சொல்லலாம். அவருக்கு எல்லாம் தெரியும்.

நானா குனிந்தார். மேசைக்குக் கீழே தகர டப்பாக்களை நகர்த்தினார். "ஸ்பானர், எங்க போச்சு இந்த ஸ்பானர்" என்று முணுமுணுத்தார். ஸ்பானர் அவருடைய இடது கையிலேயே இருந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் தேடினார். நிமிரவே இல்லை.

"என் பெட்டி" என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். மூலையில் இருந்த பெட்டியை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

"முத்தையா, பலாப்பழம் சரி. இந்த ஆள் வேணாம்."

முத்தையா அன்று உபரிச் சில்லு இல்லாத காரில் துரையோடு மலையேறினார். இன்றும் அவர்தான் சாரதி.

மறுநாள் காலை நானா சாம்பலிலிருந்து இரும்பை எடுக்கும்போது நான் அங்கே இருந்தேன். இரவெல்லாம் அவர்மேல் கோபமாக இருந்தேன். முழுப் பொய் சொல்லியிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

"நான் பேசாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஸ்பானரத் தேடிக்கிட்டே இருந்திருப்பன்" என்றார்.

அதன் பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசியதில்லை. அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் உங்களில் பலரிடம் இருக்கும். என்னிடம் இருப்பது எனக்கு முதுகைக் காட்டி அவர் குனிந்திருந்த அந்தச் சிறிது நேரம். அதில் அவர் என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.